பழைய விலை டோக்கன்

ஜூன் 3, செவ்வாய்

துவரம் பருப்பு மறுபடியும் ஏறியிருக்கிறது. மண்டிக்காரர் இப்போதெல்லாம் விலை சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. மூட்டையைப் பார்த்துச் சொல்கிறார். எண்ணெய் டின்னுக்கு இருநூறு கூடிவிட்டது. சிலிண்டர் விலையை எழுதினால் இந்த டைரியை இலவசமாகக் கொடுத்த கேஸ் ஏஜென்சிக்காரர் மேல் கோபம் வரும், வேண்டாம்.

பந்தி முடிந்ததும் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அரிசி, பருப்பு, காய், எண்ணெய், கேஸ், வாடகை, கரண்ட், இலை, சமையலுக்குக் கூடமாட நிற்கும் பாவாயி கூலி, பாத்திரம் கழுவுகிற இரண்டு பேர் கூலி. எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு அறுபத்தெட்டு ரூபாய் அடங்குகிறது. நான் விற்பது எழுபதுக்கு. நூற்றுப்பத்துச் சாப்பாடு போட்டால் இருநூற்றிருபது ரூபாய் லாபம். எதிரே கருணாகரன் டீக்கடையில் டம்ளர் கழுவினால் இதைவிட அதிகம் கிடைக்கும்.

ஜூலை முதல் தேதியிலிருந்து எண்பத்தைந்து என்று முடிவு செய்துவிட்டேன். மரகதத்திடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

“ஒண்ணாந்தேதி காலையில போர்டு வெச்சாப் போதுமுங்க. முன்னாடியே சொல்ல வேண்டாம்.”

அவளுக்கு ஞாபகமில்லை. அறுபதிலிருந்து எழுபதாக்கியபோது திடீரென்றுதான் ஏற்றினேன். பசியோடு வந்த ஒரு பையன் சட்டைப்பையில் சரியாக அறுபது ரூபாய் வைத்திருந்தான். போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடப் போகிறேன். மனைவிக்குச் சமையல் தெரியும், வியாபாரம் தெரியாது.

ஜூன் 16, திங்கள்

போர்டு வைத்தாயிற்று. “விலைவாசி உயர்வு காரணமாக 1.7 முதல் சாப்பாடு ரூ.85. வாடிக்கையாளர்கள் பொறுத்தருள்க.” நானே பெயிண்டில் எழுதினேன். ‘பொறுத்தருள்க’ என்பதை மூன்று பேர் பாராட்டினார்கள்.

மரகதத்துக்கு இடது தோளில் வலி. தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜூன் 18, புதன்

இன்று ஒரே நாளில் பதினெட்டு புக்கு விற்றது. வழக்கமாக மாதம் முழுக்கவே முப்பத்தைந்துதான் போகும்.

எங்கள் மெஸ் பழக்கத்தை எழுதிவைக்கிறேன், பின்னால் யாராவது படித்தால் புரியட்டும். கணபதி ஏரியாவில் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறோம். மதியச் சாப்பாடு மட்டும். முப்பது டோக்கன் சேர்ந்தது ஒரு புக்கு. ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டு, தினம் ஒன்றைக் கிழித்துக் கொடுத்துச் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு டோக்கனிலும் ‘ஒரு சாப்பாடு’ என்று அச்சடித்து என் முத்திரை குத்தியிருக்கும். விலையும் கிடையாது, தேதியும் கிடையாது. லீவு போட்டு ஊருக்குப் போனவன் எப்போது திரும்பி வந்தாலும் மிச்சத்தைச் சாப்பிடலாம். பதினொரு வருஷமாக ஒரு டோக்கனைக்கூட நான் செல்லாது என்று சொன்னதில்லை. இந்த வட்டாரத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு மெஸ்காரன் கிடையாது.

ஜூன் 24, செவ்வாய்

லேத்து ஓட்டும் வெள்ளியங்கிரி எட்டு புக்கு வாங்கினான். எட்டு எதற்கு என்று கேட்டதற்கு, “இருக்கட்டுமுங்ணா” என்றான். ஒரு பட்டறை முதலாளி ஆளனுப்பி நாற்பது புக்கு வாங்கினார். நோட்டை மடக்கித் திணிக்காமல் கல்லா மூடவில்லை.

நானும் சும்மா இல்லை. எண்ணெய் அடுத்த வாரம் இன்னும் ஏறும் என்று மண்டியில் காதில் விழுந்தது. பன்னிரண்டு டின் எடுத்துப் போட்டுவிட்டேன். சாமர்த்தியம் என்பது அதுதான்.

ஜூன் 30, திங்கள்

கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணிவரை வரிசை. மொத்தம் நூற்றெண்பத்தாறு புக்கு விற்றிருக்கிறது. மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரத்துச் சொச்சம். இவ்வளவு பணத்தை நான் என் கடையில் பார்த்ததே இல்லை.

மண்டி பாக்கி தீர்ந்தது. சிலிண்டர் பாக்கி தீர்ந்தது. பெரிய கிரைண்டர் ஒன்று புதிதாக வாங்கினேன். மரகதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கிரைண்டரைப் பார்க்கவில்லை. தீர்ந்துபோன புக்கு அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“அய்யாயிரத்து அஞ்சூத்தி எம்பது சாப்பாடு. அத்தனையும் பழைய வெலைக்கு நாம போட்டாகோணும். தெரியுமுங்களா?”

தெரியும் என்றேன். அதுவரை தெரியவில்லை என்பதுதான் உண்மை.

ஜூலை 1, செவ்வாய்

எண்பத்தைந்து ரூபாய் கொடுத்து இன்று சாப்பிட்டவர்கள்: இரண்டு பேர். ஒருவர் கூரியர் கொண்டுவந்தவர்.

ஜூலை 9, புதன்

பாவாயி நின்றுவிட்டாள். ஐந்நூறு கூலியை அறுநூறாக்கச் சொல்லிப் போன மாதமே கேட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். இன்று காலை வந்து நின்றுகொண்டே சொன்னாள்.

“அண்ணா, அவினாசி ரோட்டுல ஆஸ்பத்திரி கேன்டீன்ல எழுநூறு தாராங்க. பஸ்ஸுக்கே தெனம் நாப்பது ஆகுதுங்ணா. நானென்ன செய்யறது?”

நான் கோபப்பட்டேன். என் சாப்பாட்டு விலை ஏறினால் மட்டும் எல்லாரும் புக்கு வாங்கிப் பதுக்குகிறார்கள், இவள் விலையும் ஏற வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். மரகதம் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேறு ஆள் வைக்கக் கையில் காசில்லை. மரகதம் சமாளித்துக்கொள்வாள்.

ஜூலை 14, திங்கள்

சிக்கனம் ஆரம்பம். அப்பளம் இரண்டு ஒன்றாயிற்று. பொரியலுக்குச் சின்னக் கரண்டி. மோர் இனிமேல் கேட்டால்தான். சாம்பாரில் பருப்பைக் குறைக்கச் சொன்னதற்கு மட்டும் மரகதம் ஒப்பவில்லை.

“சாம்பார்ல கை வெக்காதீங்க. அதுக்குத்தான் வர்றாங்க.”

சரி என்று விட்டுவிட்டேன். இப்போது மூன்றரைக்கே எழுந்துவிடுகிறாள். நான் ஐந்துக்கு எழுந்து காய்கறி மார்க்கெட் போகிறேன். நானும் களைத்துத்தான் போகிறேன், அதை யாரும் கேட்பதில்லை.

ஜூலை 19, சனி

ஒன்றுமில்லை. தக்காளி விலை.

ஜூலை 22, செவ்வாய்

டீ குடிக்கக் கருணாகரன் கடைக்குப் போனேன். ஒரு பையன் டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு, சிகரெட்டும் வாங்கிக்கொண்டு, பணத்துக்குப் பதில் என் டோக்கன் ஒன்றை நீட்டினான். கருணாகரன் அதை வாங்கிக் கல்லாவில் போட்டு மீதிச் சில்லறை கொடுத்தான். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை.

“இதென்னப்பா?”

“உங்க டோக்கன்தானுங்ணா. எழுவத்தஞ்சுக்கு எடுத்துக்கறேன். எண்பதுக்குக் குடுக்கறேன். உங்க போர்டுல எண்பத்தஞ்சு. வாங்கறவனுக்கு அஞ்சு லாபம், எனக்கு அஞ்சு லாபம்.”

அவன் கல்லாவின் ஓரத்தில் என் டோக்கன்கள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாக இருந்தன. பட்டறைப் பையன்கள் கைமாற்று, சீட்டுப் பணம், பந்தயம் எல்லாவற்றையும் என் டோக்கனில் தீர்த்துக்கொள்கிறார்களாம். “ரூவா இன்னிக்கு ஒண்ணு வாங்குது, நாளைக்கு ஒண்ணு வாங்குது. உங்க டோக்கன் எப்பவும் ஒரு சாப்பாடு வாங்குது” என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். டீயை முழுதாகக் குடிக்க முடியவில்லை.

எண்பத்தைந்து கொடுத்துச் சாப்பிட ஏன் ஆள் வரவில்லை என்பது இப்போது தெரிகிறது.

ஜூலை 23, புதன்

வெள்ளியங்கிரி கை கழுவிக்கொண்டு வந்தபோது பிடித்துக்கொண்டேன். இப்படி எட்டு புக்கு வாங்கி அடுக்குவது நியாயமா, நான் எழுபதுக்கு எப்படிப் போடுவேன் என்று யோசித்தானா என்று கேட்டேன். அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“அண்ணா, ரெண்டு வருசமா எனக்குச் சம்பளம் ஒரு ரூவா ஏறலீங்க. வீட்டு வாடகை ஏறிருச்சு, புள்ளைக்குப் பீஸ் ஏறிருச்சு. ஏறப்போவுதுன்னு முன்னாடியே எங்கிட்டச் சொன்னது இந்த ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான். மோதரத்தை வெச்சு வாங்கினனுங்க.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “பின்கட்டுல எண்ணெய் டின் அடுக்கியிருக்கீங்கல்ல, அதே மாதிரிதானுங்க” என்றான். நான் பேச்சை மாற்றினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு டோக்கன் வெளியில் இருக்கிறது. இன்றைய விலையில் ஒரு சாப்பாடு எழுபத்தேழு ரூபாய் அடங்குகிறது. கை மாற்று வாங்கிச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வழி இருக்கிறது. நாளைக்கே ‘பழைய டோக்கன் செல்லாது’ என்று போர்டு எழுதலாம். அல்லது டோக்கனோடு பதினைந்து ரூபாய் கேட்கலாம். பிரஷ்ஷை எடுத்து வெள்ளைப் பெயிண்டு டப்பாவைத் திறந்தும்விட்டேன். அந்த அறுபது ரூபாய்ப் பையன் ஞாபகம் வந்தது. மூடிவிட்டேன். கடைசி டோக்கன்வரை போட்டே தீர்வது. மரகதத்திடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

“உங்க வாக்கு, நீங்க காப்பாத்துங்க” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பாவாயி இந்த வாரம் இரண்டு தடவை வந்து போனாள். மிச்சக் கூலிக்கு வருகிறாள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மரகதம் நாளையிலிருந்து வேலைக்குப் போகிறாளாம். பாவாயி இருக்கும் அதே கேன்டீன். மாதம் இருபதாயிரம், பி.எஃப். உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு. புதன்கிழமையே போய் சாம்பார் வைத்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

மெஸ் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“ரெண்டாயிரத்து அஞ்சூறு சாப்பாடு போடறேன்னு நீங்க சொன்னீங்க. நான் சொல்லலீங்க. எனக்குத் தோளு தூக்க முடியலைன்னு ரெண்டு மாசமாச் சொல்றேன். தைலந்தான் சொன்னீங்க.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். கோபம் ஆறினால் போகமாட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

சமைக்க எனக்குத் தெரியாதா என்ன. பதினொரு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன். திங்கள் அன்று சோறு குழைந்தது. செவ்வாய் சரியாக வந்தது. இன்று சாம்பாரில் புளி தூக்கலாகிவிட்டது, அடி வேறு பிடித்துவிட்டது. இலையில் பாதிச் சோற்றை மூடிவிட்டு எழுந்தவர்களை எண்ணினேன். முப்பதுக்கு மேல் எண்ணப் பிடிக்கவில்லை.

கை முழுக்கக் கொப்புளம். இருபது கிலோ சோற்றுப் பானையை வடிக்க இரண்டு ஆள் வேண்டும். அவள் தனியாக எப்படி வடித்தாள் என்று தெரியவில்லை. கேட்டதுமில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கருணாகரன் கடையில் என் டோக்கன் ஐம்பது ரூபாய்க்கு வந்துவிட்டது. போன வாரம் எழுபது. “எறங்கு முகமுங்ணா” என்று டி.வி.யில் பங்குச்சந்தை சொல்பவர்கள் மாதிரி சொன்னான். டீக்கு டோக்கன் வாங்குவதையும் நிறுத்திவிட்டான்.

வெள்ளியங்கிரி மட்டும் தினமும் வருகிறான். இன்று ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “அக்கா எப்பங்க வருவாங்க?” என்று கேட்டான். கொஞ்ச நாள் ஆகும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே மிச்சத்தையும் குடித்தான். மோதிரத்தை வைத்து வாங்கியது, குடிக்காமல் என்ன செய்வான்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று நாற்பத்திரண்டு பேர்.

கருணாகரன் என் கடைக்கே வந்தான். தொள்ளாயிரம் டோக்கன் கையில் மாட்டிக்கொண்டதாம். ஒன்று இருபத்தைந்துக்கு மொத்தமாக நான் எடுத்துக்கொண்டால் அவனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்கிறான். மனக்கணக்கு ஓடியது. எழுபதுக்கு விற்ற டோக்கனை இருபத்தைந்துக்குத் திரும்ப வாங்கினால் ஒன்றுக்கு நாற்பத்தைந்து மிச்சம். நாற்பதாயிரம் ரூபாய். ஒரு பருக்கை சோறு போடாமல். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

மரகதம் ஏழு மணிக்கு வந்தாள். இப்போதெல்லாம் இரவு உப்புமா நான்தான் செய்கிறேன், குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள். இந்தச் சங்கதியைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எண்பது ரூவாய்க்கு வித்தது எப்படீங்க இருவத்தஞ்சு ஆச்சு?”

உப்புமாச் சட்டியை எடுத்து மூடினேன்.

“நான் போனதுல எறங்கிப்போச்சு. அந்த எறங்குனதுலயும் நீங்க சம்பாதிக்கோணுமுங்களா?”

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஜூன் மாதம் போட்ட கணக்கைத் திருப்பிப் பார்த்தேன். அரிசி, பருப்பு, காய், எண்ணெய், கேஸ், வாடகை, கரண்ட், இலை, பாவாயி, பாத்திரம் கழுவுகிறவர்கள். எல்லார் பெயரும் இருக்கிறது. இலைக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. மரகதத்துக்கு இல்லை.

கேன்டீனில் கொடுக்கும் இருபதாயிரத்தை இருபத்தாறு நாளுக்கும் நூற்றுப்பத்துச் சாப்பாட்டுக்கும் வகுத்தேன். சாப்பாட்டுக்கு ஏழு ரூபாய் வந்தது. நான் எழுதிய லாபம் இரண்டு ரூபாய். அப்படியானால் அது லாபமே இல்லை. ஒவ்வொரு இலையிலும் ஐந்து ரூபாய் நஷ்டம், அதை அவள் தோள் தூக்கியிருக்கிறது. விலைவாசி என்னை இந்த வருஷம்தான் அழுத்தியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை அழுத்தியது நான்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்போதைக்கு வேறு யாரும் படிக்காத டைரி என்பதால் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மரகதத்திடம் கேட்டேன். இருபதாயிரம் நானே தருகிறேன், வந்துவிடு என்றேன்.

“எங்கிருந்து தருவீங்க?”

யோசித்தேன். சாப்பாட்டை நூறு ஆக்கினால் முடியும். நூறு கொடுக்க வெள்ளியங்கிரி வரமாட்டான், அவனுக்குச் சம்பளம் ஏறவில்லை. அவன் சம்பளம் ஏறாதது அவன் முதலாளிக்கு இரும்பு விலை ஏறியதால். அந்த முதலாளியும் என்னிடம் நாற்பது புக்கு வாங்கியவர்தான்.

“தெரியலை” என்றேன்.

“இந்த ஒரு தடவை நெசத்தைச் சொன்னீங்க” என்றாள். கோபமாக இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

கடையை ஒப்படைக்கிறேன். இடத்துக்காரர் அட்வான்ஸ் இரண்டு லட்சத்தில் வெள்ளையடிக்கக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார். கிரைண்டர் பாதி விலைக்குப் போனது. புதிய போர்டு எழுதினேன்: “மெஸ் மூடப்படுகிறது. கைவசமுள்ள டோக்கன் ஒன்றுக்கு ரூ.70 வீதம் திருப்பித் தரப்படும்.” அலங்கார வார்த்தை எதுவும் போடவில்லை.

இரண்டு நாள் மேஜை போட்டு உட்கார்ந்து கொடுத்தேன். கருணாகரன் தொள்ளாயிரத்தையும் கொண்டுவந்தான். முகத்தில் ஈயாடவில்லை, நான் ஏதாவது சொல்வேன் என்று பயந்தான் போலிருக்கிறது. எண்ணிக் கொடுத்தேன். வயிறு எரிந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முத்திரை என்னுடையது.

வெள்ளியங்கிரி ஐந்து புக்கும் கொஞ்சம் உதிரியும் வைத்திருந்தான். பணத்தை வாங்கிக்கொண்டு, “இந்தக் காசுக்கு இப்ப வெளியில எத்தனை சாப்பாடு வருமுங்ணா?” என்று கேட்டான். குறையத்தான் வரும் என்றேன். தெரிந்தும் கேட்டிருக்கிறான். கும்பிட்டுவிட்டுப் போனான்.

செப்டம்பர் 8, திங்கள்

மண்டியில் பில் போடும் வேலை. பன்னிரண்டாயிரம். விலை சொல்லும்போது நானும் மூட்டையைத்தான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 10, புதன்

மண்டி வேலையாக அவினாசி ரோடு பக்கம் போனேன். மணி ஒன்றரை. ஆஸ்பத்திரி கேன்டீனில் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களோடு வரிசையில் நின்றேன். சாப்பாடு நூற்றுப்பத்து என்று கவுண்டரில் எழுதியிருந்தது. பணத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்கினேன். பின்னால் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தது, அன்று மட்டும் செல்லும் என்றும் இருந்தது.

உள்ளே ஜன்னல் வழியாக மரகதம் தெரிந்தாள். தலையில் துணித்தொப்பி. அண்டாவை இரண்டு பேர் பிடித்து இறக்க, அவள் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

“காசு குடுத்தீங்களா?”

சீட்டைக் காட்டினேன்.

“செரி, உக்காந்து சாப்பிடுங்க. சாம்பார் நான் வெச்சதுதான்.”

உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் சமைத்ததற்கு நான் காசு கொடுத்தது இதுதான் முதல் தடவை. விலை கூடுதல் என்று எனக்குத் தோன்றவில்லை.